ஆறரைக் கிலோ

நண்டுக் கொம்பனியில் முதல் நாள் மத்தியானம் வரைக்கும் தயாளினி நண்டு வாடைக்குச் சத்தி எடுக்காமல் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

இணுவிலில் தகப்பன் தியாகராசாவின் சைவ வீட்டுக் குசினிக்குள் ஒரு கருவாட்டுத் துண்டுகூட நுழைந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை இப்போது கொடிகாமத்துக்குத் தெற்கே, கடனீரேரிக் கரையில் இருந்த ஒரு நீண்ட மண்டபத்துக்குள், முழங்கால் வரையான றப்பர் சப்பாத்தும் வெள்ளைக் கோட்டும் தலைவலையுமாக, ஆவியில் அவித்துக் கொட்டிய நண்டுக் குவியலுக்கு முன்னால் நின்றாள். ஏசிக் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. தரையில் எந்நேரமும் தண்ணீர். அறுபது பெண்கள் உருக்கு மேசைகளின் இரு பக்கமும் நின்று, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, சதை உடையாமல் எடுத்துத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சதை தகரத்தில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகும்.

அங்கே எல்லாருக்கும் அவள் பெயர் வித்தியா. ஓ.எல். வரை படித்தவள், தகப்பன் இல்லாதவள், வேலை தேடி வந்தவள். உண்மையில் அவள் சமூகவியலில் பட்டம் பெற்று, சிவகரன் என்ற விரிவுரையாளரின் ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருந்தாள். குழு முதலில் வேறு இரண்டு தொழிற்சாலைகளுக்குக் கேள்விப் படிவங்களோடு போயிருந்தது. சூப்பவைசர் பக்கத்தில் நிற்க, பெண்கள் எல்லாக் கேள்விக்கும் "பிரச்சினை ஒண்டுமில்லை" என்று ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"உந்தப் படிவங்களைக் குப்பையிலைதான் போடவேணும்" என்றார் சிவகரன். "ஆராவது உள்ளுக்குப் போய் ஆறு கிழமை நிண்டு பாத்தால்தான் உண்மை தெரியும்."

தயாளினி கையை உயர்த்தினாள். வீட்டில் கிளிநொச்சியில் களவேலை என்று சொல்லிவிட்டு, கொடிகாமத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் அறை எடுத்தாள். கொம்பனியில் பெயரும் போன் நம்பரும் மட்டும் கேட்டார்கள்.

அன்று பின்னேரம் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அவளுடைய பெயரையும் எழுதினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அன்று எடுத்த சதையின் நிறை. பிரியந்தினி என்ற மெலிந்த பெண் ஐந்து கிலோவோடு மேலே இருந்தாள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றரை, நாலு. அடியில் கடைசியாக: வித்தியா, ஒன்றேகால்.

"முதல் நாள் எனக்கு முக்கால்" என்றாள் பக்கத்தில் நின்ற மார்கிரட். குருநகர்க்காரி. ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வருடமாக அதே மேசையில், அதே இடத்தில் நிற்கிறாள். புருஷன் நீக்கிலாப்பிள்ளை நாரி எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கடலுக்குப் போவதில்லை. "கத்தியை இறுக்கிப் பிடியாதை பிள்ளை. நண்டு உன்னோடை சண்டைக்கு வரேல்லை."

இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், மீன் குழம்பைப் பார்த்து அவள் முகம் போன போக்கை மார்கிரட் கவனித்திருக்க வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று தயாளினி சமாளித்தாள். மூன்றாம் நாளிலிருந்து மார்கிரட்டின் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு குட்டிப் பெட்டியும் வந்தது. அதற்குள் கத்தரிக்காய்க் கறியோ பூசணிக்காயோ இருக்கும். "சட்டியும் வேறை, அகப்பையும் வேறை. பயப்பிடாமல் சாப்பிடு" என்றாள்.

தயாளினி ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதினாள். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, அட்டை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். ஐந்து நிமிடம். ஓட்டு முள் குத்தினால் குளோரின் தண்ணீரில் கையை முக்கிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். நகக்கண் வீங்கி நீலமாகும். பிரியந்தினிக்கு இரண்டு நகம் இல்லை. இதையெல்லாம் எழுதும்போது அவளுக்கு நெஞ்சு பதறியது. இந்த உண்மைகளைத்தான் வெளியே கொண்டுபோகப் போகிறேன் என்ற ஆறுதலும் இருந்தது.

ஆனால் குறிப்புப் புத்தகத்தில் எழுதாத ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைப் பலகை அவளைத் தின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பத்திரிகையில் படம் வந்த பிள்ளை அவள். எந்த வகுப்பிலும் எந்தப் பட்டியலிலும் அடியில் நின்று பழக்கமில்லை. முதல் கிழமை முழுவதும் தன் பெயர் கடைசியில் கிடந்ததை, அது தன் பெயரே இல்லை என்று தெரிந்தும், அவளால் தாங்க முடியவில்லை.

பார்க்கத் தொடங்கினாள். மார்கிரட் கத்தியைத் திருப்பும் விதம் ஒன்று. பிரியந்தினி நண்டின் உடலை இரண்டாக ஒடித்துக் கால்களைப் பிடுங்கும் ஒழுங்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு நண்டுக்குப் பத்து வினாடி மிச்சம். அறையில் வெண்டிக்காயையும் பென்சிலையும் வைத்து விரல்களைப் பழக்கினாள். மூன்றாம் கிழமை அவள் நாலு கிலோவைத் தாண்டினாள். கழிப்பறைக்குப் போகும் நேரம் வீண் என்று காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். நாலாம் கிழமை வெள்ளிக்கிழமை, பலகையின் உச்சியில் எழுதினார்கள்: வித்தியா, ஆறரை.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மார்கிரட் கைதட்டினாள். சூப்பவைசர் பிரகாஸ் வந்து தராசை இன்னொருமுறை பார்த்தான். முப்பது வயது இருக்கும், யாரையும் அதட்டாத மனிதன்.

"வித்தியா, உம்மடை கையை ஒருக்கால் வீடியோ எடுக்கட்டே? மனேச்சருக்குக் காட்ட."

"ஓம், எடுங்கோ அண்ணை."

மூன்று நாள் எடுத்தான். தோளுக்கு மேலாலும், பக்கவாட்டிலும், கைகளுக்கு மிக அருகிலும். அவள் தன் முகம் தெரியக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். சுவரில் புதிதாக ஒரு பெரிய தொலைக்காட்சி. பிரகாஸ் அதைப் போட்டான்.

திரையில் இரண்டு கைகள். முகம் இல்லை. நண்டு ஒடிகிறது, கால்கள் விழுகின்றன, கத்தி நுழைகிறது, வெள்ளைச் சதை ஒரு பூவைப்போல வெளியே வருகிறது. மறுபடி நண்டு. திரையின் மூலையில் வினாடிகள் ஓடின. தன் கைகள் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு வேகமாக அசைவதைத் தயாளினி ஒரு கணம் வியந்துதான் பார்த்தாள்.

"இது பதினொரு வருசம் வேலை செய்த கை இல்லை" என்றான் பிரகாஸ். "அஞ்சு கிழமையாய்ப் பழகின கை. மனேச்சர் சொல்லுறார், அஞ்சு கிழமையிலை ஒரு புதுப் பிள்ளை ஆறரை எடுக்குமெண்டால் மற்றாக்களாலை அஞ்சு ஏலாதோ எண்டு. திங்கக்கிழமையிலை இருந்து ஆகக் குறைஞ்சது அஞ்சு கிலோ. ஒரு கிழமை பாப்பம். எட்டாத ஆக்களை நிப்பாட்டச் சொல்லித்தான் எனக்குச் சொல்லியிருக்கினம்."

அறுபது பெண்களும் திரையைப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, அவளுடைய கைகளைப் பார்த்தார்கள். தயாளினியால் கையில் இருந்த சோற்றுப் பிடியை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, பெட்டிக்குள் போடவும் முடியவில்லை. நாலு கிலோவுக்குக் கால் கிலோ முன்னே பின்னே எடுத்துப் பதினொரு வருடம் பிழைத்த மனுஷி பக்கத்தில் இருந்தாள். அவள் சமைத்த பூசணிக்காய்க் கறி அந்தப் பிடிக்குள் இருந்தது.

மார்கிரட் பெட்டியை மூடினாள். வேலைக்குத் திரும்பும்போதுதான், மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "பிள்ளை, எனக்கும் அதைக் காட்டித்தாறியே?"

அடுத்த நாளும் சனிக்கிழமையும் தயாளினி காட்டிக் கொடுத்தாள். தன் கைகளை மெதுவாக அசைத்து, நிறுத்தி, மறுபடி அசைத்து. மார்கிரட்டுக்கு ஒழுங்கு விளங்கியது. விரல்கள்தான் கேட்கவில்லை. மூட்டுகள் வீங்கிய அந்த வலக்கைப் பெருவிரல், கத்தியைத் திருப்ப வேண்டிய இடத்தில் மடங்க மறுத்தது. "இன்னொருக்கால்" என்றாள் மார்கிரட். "இன்னொருக்கால் பிள்ளை." நாலாவது தடவை கத்தி வழுக்கி அவளுடைய இடது உள்ளங்கைக்குள் இறங்கியது. குளோரின் தண்ணீரில் முக்கி, துணி சுற்றி, கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அன்று அவளுக்கு மூன்றேகால்.

ஞாயிற்றுக்கிழமை தயாளினி யாழ்ப்பாணம் போய் சிவகரனைச் சந்தித்தாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கண்கள் விரிந்தன.

"தயாளினி, உது சாதாரண விசயம் இல்லை. இலக்கு எப்பிடிக் கூடுது எண்டதை உள்ளுக்கை நிண்டு ஆரும் பதியேல்லை. வடிவாய் எழுதி வையும்."

"சேர், நான்தான் கூட்டினனான்."

"நீர் இல்லாட்டில் வேறை ஆரையாவது பிடிச்சிருப்பினம். இப்ப வெளியிலை சொன்னால் முழு ஆய்வும் நாசம். இன்னும் ஒரு கிழமைதானே. அறிக்கை வந்தால் எல்லாருக்கும் நல்லது."

"எப்ப வரும் சேர்?"

"அடுத்த வருசம் நடுப்பகுதி."

அவரை அவளுக்கு மூன்று வருடமாகத் தெரியும். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்க்க அவளுக்குத் திகிலாக இருந்தது. பலகையின் உச்சியில் தன் பெயரைப் பார்த்த அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

திங்களும் செவ்வாயும் அவள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். மூன்று கிலோ. "சுகமில்லையே?" என்று பிரகாஸ் கேட்டான், ஒரு பனடோல் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தான். பலகையின் மேலே சிவப்பு மையால் எழுதிய ஐந்து அப்படியே இருந்தது. மண்டபத்தில் இப்போது யாரும் கதைப்பதில்லை. யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. புதன்கிழமை பின்வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கியவர்கள் கோட்டு நனைந்திருப்பதைக் கண்டும் காணாததுபோல இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பலகையின் அடியில் நின்ற ஐந்து பேரை நிறுத்தினார்கள். மார்கிரட் மூன்றாவது பெயர். அவள் கோட்டை மடித்து, சப்பாத்தைக் கழுவி வைத்துவிட்டு, கொம்பனி பஸ்ஸின் முன் இருக்கையில் போய் இருந்தாள்.

தயாளினி மனேச்சரின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள். தன் உண்மையான பெயரைச் சொன்னாள். பல்கலைக்கழக அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"நான் வேலைக்காரி இல்லை, சேர். நான் எடுத்த கணக்கை வைச்சு இவையை நிப்பாட்டக்கூடாது. அது பொய்க் கணக்கு."

மனேச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் நிதானமாகக் கேட்டார்: "நீர் எடுத்தது நண்டுச் சதைதானே? தராசு பொய் சொன்னதே?"

"இல்லை."

"பேர்தான் பொய். கை உம்மடை கைதானே. ஆறரைக் கிலோ ஆறரைக் கிலோதான், தங்கச்சி." அட்டையை அவள் பக்கம் தள்ளினார். "உமக்கெதிராய் பொலிசுக்குப் போகலாம். போகேல்லை. நல்லாய்ச் செய்தனீர். நாளைக்கு வரவேண்டாம்."

வெளியே வந்தபோது பிரியந்தினி வாசலில் நின்றாள். உள்ளே பேசியது கேட்டிருக்கிறது. அவள் தயாளினியின் முகத்தை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்கடை மேசையிலை நிண்டு சோதினையோ எழுதினனி?"

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் தயாளினி குருநகருக்குப் போனாள். கோயில் ஒழுங்கையில் இரண்டு பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். நீக்கிலாப்பிள்ளை திண்ணிய உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் கட்டிலில் கிடந்தபடி, "ஆரடியப்பா, கொம்பனிப் பிள்ளையே?" என்றார். மார்கிரட் பிளேன்ரீ ஊற்றினாள். உள்ளங்கையில் புதுத் துணி.

"அன்ரி, என்ரை பேர் வித்தியா இல்லை."

மார்கிரட் சிரித்தாள். "எனக்கு அப்பவே ஒரு ஐமிச்சம். ஆரையோ விரும்பி வீட்டை விட்டு ஓடி வந்தனி, என்ன? கையைப் பாத்தாலே தெரியும், கஷ்டப்பட்ட கையில்லை எண்டு."

தயாளினி எல்லாவற்றையும் சொன்னாள். கம்பஸ், ஆய்வு, படிவம், சிவகரன், ஆறு கிழமை. மார்கிரட்டின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஏன் பொய் சொன்னாய், என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்பாள் என எண்ணி, பஸ்ஸில் வரும்போதே அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். மார்கிரட் அவற்றைக் கேட்கவில்லை.

"அப்ப உனக்கு அந்த வேலை தேவையில்லை?"

"இல்லை அன்ரி."

"சம்பளம்?"

"கம்பஸிலை தருவினம்."

மார்கிரட் கோப்பையைக் கீழே வைத்தாள். "பிறகேன் பிள்ளை உவ்வளவு கெதியாய்ச் செய்தனி?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள். தயாளினி வாயைத் திறந்தாள். ஆறு கிழமையாக எழுதிய நூற்றுச் சொச்சம் பக்கத்தில் இந்தக் கேள்வி எங்கேயும் இல்லை.

"கடைசியாய் நிக்க வெக்கமாய் இருந்தது" என்றாள் கடைசியில்.

கட்டிலில் கிடந்த மனிதர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் பதினொரு வருசம் நடுவிலைதான் நிண்டனான்" என்றாள் மார்கிரட். "ஒரு நாளும் வெக்கப்படேல்லை." பிறகு, "ரீ ஆறுது, குடி" என்றாள்.

தயாளினி மறுநாள் பிரியந்தினியைத் தேடிப் போனாள். முதல் தடவை அவள் கதவைச் சாத்தினாள்; இரண்டாவது தடவைதான் உள்ளே விட்டாள். இருவரும் சேர்ந்து தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார்கள். பிரியந்தினி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொரு பேரின் கையெழுத்து வாங்கினாள். தன் வாக்குமூலத்தைத் தயாளினி சொந்தப் பெயரில் கொடுத்தாள். சிவகரன் தடுக்கவில்லை. "உம்மடை பேர் கெடும். இனி எந்த ஆய்விலும் உம்மைச் சேர்க்கமாட்டினம்" என்று மட்டும் சொன்னார். திட்டத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்.

தொழில் அலுவலகத்தில் விசாரணை ஒரு காலைநேரம் நடந்தது. மனேச்சர் வந்திருந்தார், பிரகாஸ் வந்திருந்தான், வீடியோவும் வந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகம் எப்பிடி வந்தது?" என்று தயாளினியிடம் கேட்டார்.

"தண்ணி குடிக்கேல்லை, சேர். ரொயிலெற்றுக்குப் போகேல்லை. எனக்கு இருபத்தஞ்சு வயசு. வேலை முடிஞ்சு போய்ச் சமைக்க எனக்கு வீடில்லை, படுக்கையிலை கிடக்கிற ஆளைப் பாக்கிற வேலையில்லை. ஆறு கிழமையிலை போயிடுவன் எண்டு எனக்குத் தெரியும்." அதிகாரியை நேராகப் பார்த்தாள். "போகாத ஆக்களாலை அப்பிடிச் செய்யேலாது."

பிரகாஸ் தலையைக் குனிந்துகொண்டான். பிரியந்தினி தன் நகமில்லாத விரல்களை மேசைமேல் விரித்து வைத்தாள்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. வீடியோவை எடுக்க வேண்டும். கழிப்பறைக்கு அட்டை கூடாது. ஆகக் குறைந்த அளவை நாலு கிலோவாகக் குறைக்கக் கொம்பனி ஒத்துக்கொண்டது. நிறுத்தியவர்களில் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

சொல்வதற்குத் தயாளினி குருநகருக்குப் போனபோது வீட்டில் மார்கிரட் இல்லை. கரையில் கருவாடு காயப்போடும் வாடியில் கூலிக்கு நிற்கிறாள் என்றார் நீக்கிலாப்பிள்ளை. தயாளினி அங்கே போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மார்கிரட் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பரப்பிய மீன்களைக் குனிந்து பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டனான்" என்றாள் நிமிராமல். "பிரியந்தினி வந்து சொன்னவள். நாலாம், என்ன? நல்லது, கனபேருக்கு நல்லது." ஒரு மீனைப் பிரட்டினாள். "எனக்கு இந்தக் கையாலை நாலும் எட்டாது, பிள்ளை."

தயாளினி பக்கத்து வரிசையில் குந்திக்கொண்டு தானும் மீனைப் பிரட்டத் தொடங்கினாள். மார்கிரட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வாடிச் சொந்தக்காரர் குடையோடு வந்து, "ஆர் உது, புது ஆளோ? நான் ஆளெடுக்கேல்லையே" என்றார்.

"தெரிஞ்ச பிள்ளைதான்" என்றாள் மார்கிரட். "நிக்காது. இப்ப போயிடும்."

தயாளினி கையில் இருந்த மீனைப் பிரட்டி வைத்தாள். எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "வாறன் அன்ரி" என்றாள். மார்கிரட் தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.